நாசியோ கேட்காத மெடல்

லோலேயின் அண்ணன் பென்யமினை அடக்கம் செய்த அன்று, ராணுவத்திலிருந்து வந்திருந்த இளைஞன் ஒருவன் சவப்பெட்டியின் பக்கத்தில் விறைப்பாக நின்று, பென்யமின் வாங்கிய மெடல்களின் பெயர்களை வாசித்தான். வாசித்தான், வாசித்துக்கொண்டே இருந்தான். வெயில் ஏறிவிட்டது. பாதிரியார் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இருபது வருடத்துக்கு மேல் பட்டாளத்தில் இருந்தவர் பென்யமின். சமையல் பிரிவுதான் என்றாலும் மெடலுக்குக் குறைவில்லை.

பீத்தி கல்லறையிலிருந்து தங்கள் ஊரான இனலஹானுக்குத் திரும்பும் வழியில், காரை ஓட்டியபடியே லோலே கேட்டாள்.

"உனக்கு எத்தனை இருக்கு?"

"எத்தனை என்ன?" என்றார் அவள் கணவர் நாசியோ.

"மெடல்."

நாசியோ ஜன்னல் கண்ணாடியை இறக்கி வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். "ஒண்ணு."

"ஒண்ணா?"

"அந்தக் காலத்துல பட்டாளத்துக்குப் போனவன் எல்லாருக்கும் குடுத்தது."

"வியட்நாம்ல ஒரு வருஷம் லாரி ஓட்டினியே, அதுக்கு?"

"பேப்பர்ல இல்ல."

லோலே ஒரு வளைவைத் திருப்பி முடித்தாள். "அப்ப உன் அடக்கத்துல அந்தப் பையன் ஒரே ஒரு பேரை வாசிச்சிட்டு கொடிய மடிக்க ஆரம்பிச்சிடுவான். எங்க அண்ணி முன்னாடி நான் மூஞ்சிய எங்க வச்சுக்கறது?"

"நீ முதல்ல போயிடு. கவலையே இல்ல."

"நான் போயிட்டா உன்னக் கல்லறைக்கு யாரு கார்ல கூட்டிட்டுப் போவா?"

குவாம் தீவில் பதினாறு வயதானால் ஆட்டுக்குட்டிகூடக் கார் ஓட்டும் என்பார்கள். எழுபத்து நான்கு வயதான நாசியோ ஓட்டமாட்டார். ராணுவத்தில் ஐந்து டன் லாரி ஓட்டியவர்தான். ஆனால் வியட்நாமிலிருந்து திரும்பியபின் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. கல்யாணத்துக்கு முன்பே லோலேயிடம் சொல்லிவிட்டார்: அங்கே காது கெட்டுப்போய்விட்டது, திடீரென்று தலை சுற்றும், வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று. ஊர் நீரேற்று நிலையத்தில் பம்ப் பார்க்கும் வேலை. வீட்டிலிருந்து நடக்கும் தூரம். மேற்பார்வையாளர் பதவி தேடி வந்தபோது, அதற்கு ஜீப் ஓட்ட வேண்டும் என்றதும் வேண்டாம் என்றுவிட்டார். அவர்களுடைய இரண்டு பெண்களும் அம்மாவிடம்தான் ஓட்டப் பழகினார்கள். 'லோலே டாக்ஸி' என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தலை சுற்றுகிற மனுஷன் கள் இறக்கத் தென்னை மரம் ஏறுவதை லோலேயும் பார்த்திருக்கிறாள். ஒருநாளும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் புயல் பையைத் திறந்தாள். புயல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்காகப் பிறப்புச் சான்று, பட்டா, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் பை. அதற்குள் நாசியோவின் டிஸ்சார்ஜ் சான்றிதழ் இருந்தது. மெடல்களுக்கான கட்டத்தில் ஒரே வரி. வெளிநாட்டில் பணி செய்த காலம் என்ற கட்டத்தில் ஒன்றுமே இல்லை.

"நீ வியட்நாம் போனியா, இல்ல என்கிட்ட கதை விட்டியா?" என்றாள் லோலே.

மறு வாரமே அவரைத் தலைநகர் ஹகாத்னாவிலிருந்த முன்னாள் வீரர்கள் அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பெர்னடெட் தைதாகி என்ற பெண் இருந்தாள். விமானப்படையில் இருந்து வந்தவள். சான்றிதழை மேசைமேல் வைத்து விரலால் நீவிப் பார்த்தாள்.

"இதை டைப் அடிச்சவனுக்கு அன்னிக்குச் சாயங்காலம் ஏதோ அவசர வேலை இருந்திருக்கு, துன் நாசியோ." வயதான ஆண்களை இங்கே 'துன்' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். "பாதிப் பேருக்கு இப்படித்தான். திருத்தம் கேட்டு எழுதலாம். வியட்நாம் மெடல் ரெண்டு கண்டிப்பா வரும். வேற ஏதாவது விட்டுப்போச்சா?"

"ஒண்ணும் இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"லாரி ஓட்டினதுக்கு வேற என்னம்மா குடுப்பாங்க?"

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். அமெரிக்காவில் எங்கேயோ இருக்கும் காப்பகத்தில் பழைய கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்துச் சொல்வார்களாம். ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிவிட்டது. நாசியோ மறந்தே போயிருந்தார். லோலே மறக்கவில்லை. தபால் பெட்டி காலியாக இருக்கும் ஒவ்வொரு நாளும் பெர்னடெட்டுக்குப் போன் போட்டாள்.

கடைசியில் பெர்னடெட்டே கூப்பிட்டாள். நேரில் வாருங்கள் என்றாள். போனபோது அவள் வழக்கம்போல் உட்கார்ந்திருக்கவில்லை. நாசியோ உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றாள். அவருக்கு ஏன் என்று புரியவில்லை. தனக்குப் பின்னால் யாராவது பெரிய அதிகாரி வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தார்.

திருத்திய பக்கத்தை அவள் வாசித்தாள். வியட்நாம் மெடல்கள் இரண்டும் வந்திருந்தன. அதோடு நிற்கவில்லை. "பர்ப்பிள் ஹார்ட். போர்ல எதிரியால காயம்பட்டதுக்கு. அறுபத்தொன்பது செப்டம்பர்" என்று வாசித்துவிட்டுத் தலைநிமிர்ந்தாள்.

லோலே சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இது நான் இல்ல" என்றார் நாசியோ.

"உங்க பேரு, உங்க நம்பர்."

"எனக்குக் காயம் எதுவும் படல."

"செப்டம்பர்ல ஆஸ்பத்திரியில இருந்தீங்களா?"

"கொஞ்ச நாள் இருந்தேன்."

"எதுக்கு?"

"லாரி கவுந்துடுச்சு."

"தானாவே கவுந்துச்சா?"

நாசியோ தன் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. "இது வேற யாரோடதோ. தப்பா வந்திருக்கு. எடுத்துடச் சொல்லி எழுதும்மா."

பெர்னடெட் பேனாவைக் கையில் எடுத்து, மறுபடி கீழே வைத்தாள். "சேர்க்கச் சொல்லித்தான் ஆளுங்க வருவாங்க. எடுக்கச் சொல்லி இதுவரைக்கும் ஒருத்தரும் வரல. எப்படிச் செய்யறதுன்னே எனக்குத் தெரியாது." பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, "ஒண்ணு இருக்கு. வடக்க ஜீகோவுல உங்க பேர்லயே இன்னொருத்தர் இருக்காரு. நீங்க இக்நாசியோ சார்குவாலாஃப் மந்தனோனா. அவரு இக்நாசியோ குரூஸ் மந்தனோனா. இங்கிலீஷ்ல எழுதினா ரெண்டு பேருக்கும் நடு எழுத்து 'சி'. காலாட்படை. நிறைய அடிபட்டவரு. அவரோடது ஏதாவது உங்க கோப்புல போய் விழுந்திருக்கலாம்" என்றாள்.

"அப்படித்தான் இருக்கும்" என்றார் நாசியோ உடனே. சொன்ன பிறகு, அது அப்படி இருக்க வேண்டும் என்று தான் விரும்புகிறோமா, இருக்கக்கூடாது என்று விரும்புகிறோமா என்பது அவருக்கே விளங்கவில்லை.

லோலே இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் கடையில் நாசியோ டின் மாமிசம் வாங்கப் போனபோது கடைக்காரப் பெண் காசு வாங்க மறுத்தாள். பம்ப் நிலையத்துப் பையன்கள் சல்யூட் அடித்தார்கள். ஊர் மேயர் வீட்டுக்கே வந்து, மே மாதம் புனித சூசையப்பர் திருவிழாவில் மேடையேற்றி மரியாதை செய்யப்போவதாகச் சொன்னார். "இத்தனை வருஷம் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்று ஆதங்கப்பட்டார். நாசியோ அவருக்கு ஒரு பாக்கை நறுக்கிக் கொடுத்தார்.

அந்த நாட்களில் நாசியோ எங்கே உட்கார்ந்தாலும் மனதுக்குள் ஒரு வியட்நாம் சாலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். குயிநோன் துறைமுகத்திலிருந்து மலைக்கு ஏறும் சாலை. வண்டி நிறைய டின் பழங்கள். முந்தைய இரண்டு இரவும் தூங்கியிருக்கவில்லை. பக்கத்து இருக்கையில் காவலுக்கு வெண்டெல் ஹாஸ்கின்ஸ் என்ற கென்டக்கிப் பையன், துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு, காலைத் தூக்கி முன்னால் வைத்திருந்தான். நாசியோவின் பெயர் வாயில் நுழையவில்லை என்று 'குவாம்' என்றே கூப்பிடுவான். ஒரு பாலம் தாண்டியது நினைவிருக்கிறது. அதற்கடுத்து நினைவிருப்பது கூடாரத்தின் மேற்கூரை. காதுக்குள் நூறு வண்டுகள். ஒரு சார்ஜென்ட் குனிந்து ஏதோ கேட்டார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சார்ஜென்டின் உதட்டசைவில் தூக்கம் என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார் நாசியோ. ஆமாம் என்று தலையை ஆட்டினார். சார்ஜென்ட் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். கூடாரத்துக்கு வெளியே ஒரு ஸ்ட்ரெச்சரில் யாரையோ முகம் வரை மூடி வைத்திருந்தார்கள். பூட்ஸ் மட்டும் தெரிந்தது. யார் என்று நாசியோ கேட்கவில்லை. சில நாளில் அவருடைய ஒரு வருடம் முடிந்து ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள்.

ஆக, நடந்தது இதுதான் என்று அவருக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். ஸ்டியரிங்கில் தூங்கிவிட்டார். லாரி கவிழ்ந்தது. வெண்டெல் செத்துவிட்டான்.

இப்போது ஒரு பேப்பர் வந்து, எதிரி என்கிறது. அது உண்மையானால் இத்தனை வருடமும் அவர் செய்யாத ஒன்றைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார். நம்பிவிடலாம் என்றுதான் மனம் சொன்னது. ஆனால் இதே பேப்பர்தானே அவர் வியட்நாமுக்கே போகவில்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தது? நம்பலாமா, கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூடச் சில நாட்களில் தெரியவில்லை.

"ஜீகோவுக்குப் போகலாம்" என்றார் ஒருநாள் காலையில்.

"எதுக்கு?" என்றாள் லோலே. "அவரோடதுன்னு சொல்லிட்டா குடுத்துட்டு வரப்போறியா? ஊரெல்லாம் சொல்லியாச்சு."

"அதான் போகணும்."

ஜீகோ இக்நாசியோவின் வீட்டு முற்றம் முழுக்கச் சேவல்கள். ஒவ்வொன்றுக்கும் தகரத்தில் ஒரு சின்னக் குடில், காலில் ஒரு கயிறு. தலைக்கு மேலே ராணுவ விமானம் ஒன்று கூரையை உரசுவதுபோலப் போனது. சேவல்கள் அதைச் சட்டை செய்யவில்லை. மனிதர் குட்டையாக, தொப்பையோடு, பனியன் போட்டுக்கொண்டு வந்தார். நாசியோ பெயரைச் சொன்னதும் இடுப்பில் கைவைத்து ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா அந்த இன்னொருத்தன்? வருஷக்கணக்கா உன் கண் டாக்டர் எனக்குப் போன் போடறாரு. உன் கண்ணாடி ரெடியாம். போய் வாங்கித் தொலை."

உட்காரச் சொல்லி, எலுமிச்சைச் சாற்றில் ஊறிய கோழியும் சோள ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார்கள். நாசியோ விஷயத்தைச் சொன்னார். ஜீகோ இக்நாசியோ மென்றுகொண்டே கேட்டார்.

"எனக்கு மூணு காயம், பாரி." நண்பனை இங்கே 'பாரி' என்பார்கள். "மூணுக்கும் மெடல் வந்து சேர்ந்தாச்சு. இதோ ஒண்ணு." தோளைக் காட்டினார். "இதோ ரெண்டு." டிரவுசரைத் தொடைவரை ஏற்றினார். "மூணாவது…"

"காட்டிடாத" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "போன தடவை பாதிரியாருக்கே காட்டிட்ட."

"அவரு கேட்டாரு, காட்டினேன்." நாசியோ பக்கம் திரும்பினார். "உன் பேப்பர்ல என்ன தேதி?"

"அறுபத்தொன்பது செப்டம்பர்."

"அப்ப நான் ஜப்பான் ஆஸ்பத்திரியில குப்புறப் படுத்திருந்தேன். மூணாவதுக்காக. செப்டம்பர் முழுக்க நான் பார்த்தது தரை மட்டும்தான். அதனால என்னோடது இல்ல. உன்னோடதுதான். வாழ்த்துகள்." கையை நீட்டினார். நாசியோ அதைப் பிடித்தார், குலுக்கவில்லை. "என்னய்யா இது, பந்தயச் சேவலைப் பறிகொடுத்தவன் மாதிரி உக்காந்திருக்க?"

நாசியோ சொல்லத் தொடங்கினார். ஏன் இந்த மனிதரிடம், இந்த முற்றத்தில், என்று அவருக்கே தெரியாது. பாலத்தைச் சொன்னார். சார்ஜென்டைச் சொன்னார். பூட்ஸைச் சொன்னார். சொல்லச் சொல்ல, பக்கத்தில் லோலே உட்கார்ந்திருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் நிறுத்த முடியாத இடத்துக்கு வந்துவிட்டிருந்தார்.

"அதனாலதான் அப்புறம் ஓட்டல" என்று முடித்தார்.

ஜீகோ இக்நாசியோ எழுந்துபோய் ஒரு சேவலுக்குத் தண்ணீர் வைத்தார். லோலே கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"தலை சுத்தும்னு சொன்னியே."

"சுத்தல."

"ரெண்டு பிரசவத்துக்கும் நானே ஓட்டிட்டுப் போனேன், நாசியோ. வலியோட. ரெண்டாவதுக்கு அங்கங்க நிறுத்தி நிறுத்தி. நீ பக்கத்துல உக்காந்து ஜெபமாலை சொல்லிட்டு வந்த."

"ஆமா."

"தலை சுத்துது, பாவம்னு நினைச்சேன்."

வீடு வரை அவள் பேசவில்லை. அதற்கப்புறமும் பேசவில்லை. சமைத்தாள், சிவப்புச் சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்தினாள், துவைத்தாள். கோயிலுக்குப் போகும்போது கார் கதவை அவருக்காகத் திறந்துவிட்டாள். பேச்சு மட்டும் இல்லை. அவள் கோபப்படுகிறாளா, வருத்தப்படுகிறாளா, அல்லது ஐம்பது வருடத்தை முதலிலிருந்து எண்ணிப் பார்க்கிறாளா என்று நாசியோவால் கண்டுபிடிக்க முடியவில்லை. மெடல் அவருடையதுதான் என்று ஆகிவிட்டது. அதை நினைக்கக்கூட அவருக்கு நேரமில்லை.

ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், கொடியின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"அந்த சார்ஜென்ட் என்ன கேட்டாரு?"

"தூங்கிட்டியான்னு."

"காதுதான் கேக்கலன்னு சொன்னியே."

"அந்த ஒரு வார்த்தை தெரிஞ்சுது."

"நல்லாத் தூங்கினியான்னு கேட்டிருப்பாரு." அவள் ஒரு போர்வையை உதறினாள். "ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவன்கிட்ட வந்து வேற என்னத்தக் கேப்பாங்க? நான் எங்கம்மாவப் பார்க்கப் போனப்பல்லாம் அதத்தான் கேட்டேன்."

நாசியோ கையில் இரண்டு கிளிப்புகளோடு நின்றார். ஐம்பது வருடத்தில் ஒருமுறைகூட அந்தக் கேள்வி அப்படியும் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதில்லை. அவ்வளவு எளிதாக இருக்க முடியுமா? இருக்க முடியும் என்றால் தான் எவ்வளவு பெரிய முட்டாள்?

"அந்தப் பையன் பேரு என்ன?" என்றாள் லோலே.

சொன்னார். அவள் உள்ளே போய்ப் பெர்னடெட்டுக்குப் போன் போடுவது கேட்டது. பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். கென்டக்கி என்று இரண்டு முறை சொன்னாள். எந்த ஊரில் புதைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஒரு பூசையாவது சொல்லிவைக்கலாம் என்றாள்.

பெர்னடெட் தேடினாள். அந்த லாரிப் பிரிவில் இருந்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை எங்கேயோ கூடிச் சாப்பிடுவார்களாம். அவர்களில் ஒருவரைப் பிடித்து, அவர் இன்னொருவரைச் சொல்லி, அந்த வாரக் கடைசியில் நாசியோவைக் கூப்பிட்டாள்.

"துன் நாசியோ, உக்காந்திருக்கீங்களா? கல்லறை எதுவும் கிடைக்கல. போன் நம்பர் கிடைச்சுது."

சமையலறை மேசையில் போனை வைத்து, இரண்டு பேரும் கேட்கும்படி லோலேதான் எண்ணை அழுத்தினாள். வெகுநேரம் மணி அடித்தபின் கரகரத்த ஒரு குரல் வந்தது.

"எதுவும் வாங்கற எண்ணம் இல்ல. வச்சிடு."

"வெண்டெல்" என்றார் நாசியோ.

"யாரு?"

"குவாம்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம். "லாரி குவாமா?"

"ஆமா."

"அடப்பாவி. உன் உண்மையான பேரு என்ன? உன்னைக் கண்டுபிடிக்கலாம்னு ரெண்டு தடவை உக்காந்தேன். குவாம்னு போட்டுத் தேடினா தீவுதான் வருது."

லோலே நாசியோவை முழங்கையால் இடித்தாள். "நீ செத்துட்டேன்னு நினைச்சேன்" என்றார். "வருஷா வருஷம் நவம்பர்ல ஆத்துமாக்கள் திருநாளுக்கு உனக்கு மெழுகுவத்தி ஏத்தறேன்."

"நிறுத்திடாத. அதுலதான் ஓடிட்டிருக்கேன்போல." வெண்டெல் சிரித்து, சிரிப்பு இருமலாகி அடங்கியது. "முழங்காலுக்குக் கீழ ஒரு காலு போச்சு, அவ்வளவுதான். இன்னொண்ணு பத்திரமா இருக்கு."

"அன்னிக்கு நான் தூங்கிட்டனா?"

கேட்டுவிட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் வெண்டெல். "நான் தூங்கிட்டிருந்தேனே. பாலத்துக்கு முன்னாடியே தூங்கிட்டேன். சொல்லப்போனா முழிச்சிருக்க வேண்டியவன் நான்தான். காவலுக்கு வந்தவன்."

"அப்ப கண்ணிவெடியா?"

"கண்ணிவெடின்னு எழுதித்தான் எனக்கு மெடல் குடுத்தாங்க. ரோட்டுல ஒரு குழி, அதுக்குள்ள ஒரு பசுமாட்டை நிக்கவைக்கலாம்னு எனக்குக் கட்டுப்போட்டவன் சொன்னான். ஆனா அவன் எதையும் கொஞ்சம் பெரிசாச் சொல்ற ஆளு. கன்னுக்குட்டியா இருக்கலாம்."

நாசியோ மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நிம்மதி வரவேண்டிய இடம் இது என்று தெரிந்தது. வந்தது நிம்மதி அல்ல, இன்னொரு கேள்வி. அதையும் கேட்டார். "ரெண்டும் நடந்திருக்கலாமில்ல? நான் தூங்கி, வண்டி ஓரமா இறங்கி, அதனால வெடிமேல ஏறியிருந்தா? நடுவுல போயிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதே?"

"இருக்கலாம்" என்றான் வெண்டெல். "இல்லாமலும் இருக்கலாம். குவாம், ஐம்பது வருஷமா இதையா யோசிச்சிட்டிருந்த? சுத்தி முழுக்கத் தண்ணியாச்சே உங்க ஊர்ல. மீன் பிடிக்கப் போகக்கூடாதா?"

லோலே முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நாசியோவுக்குத் தெரியவில்லை. பிறகு அவள் போனைத் தன் பக்கம் இழுத்து, தன்னை அறிமுகம் செய்துகொண்டு, அவனுக்கு எத்தனை பிள்ளைகள், என்ன சாப்பிடுகிறான், கட்டைக் கால் உறுத்துகிறதா என்று விசாரிக்கத் தொடங்கினாள். நாசியோ வெளியே போய் மாமரத்தடியில் நின்றார். அவன் உயிரோடு இருக்கிறான். அது ஒன்று நிச்சயம். அந்த பூட்ஸ் யாருடையது என்பது உட்பட மற்றதெல்லாம் முன்பைவிடக் குழம்பிப்போயிருந்தது. முன்பு ஒரு பதிலாவது இருந்தது.

அவர் மறுபடியும் பெர்னடெட்டிடம் போனார். மெடலை எடுக்க வேண்டுமா, வேண்டாமா என்று அவளையே கேட்டார்.

"தூங்கினவங்களுக்கு மெடல் கிடையாதுன்னு எந்த விதியிலயும் இல்ல, துன் நாசியோ" என்றாள் அவள். "எதிரி வச்ச வெடி. உங்களுக்கு அடி. அவ்வளவுதான் அவங்க கேப்பாங்க. முழிச்சிருந்தீங்களான்னு கேக்கமாட்டாங்க."

"கேக்கணுமில்ல?"

"கேட்டா பாதிப் பேர்கிட்டேர்ந்து திரும்ப வாங்கணும்."

அது அவருக்குச் சமாதானமாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. விட்டுவிட்டார்.

திருவிழா நாளில் கோயிலிலிருந்து சூசையப்பர் சுரூபம் ஊர்வலமாகப் போய்த் திரும்பியது. பந்தல்களில் கோழியும் பன்றியும் சுடும் புகை. ஜீகோ இக்நாசியோ வடக்கிலிருந்து மனைவியோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேயர் மைக்கைப் பிடித்து, நம் ஊர் மண்ணின் மைந்தர் என்று ஆரம்பித்து, அந்தச் சாலையில் என்ன நடந்தது என்று நாசியோவைவிட நன்றாகத் தெரிந்தவர்போல விவரித்தார். லோலே எழுந்து, நாசியோவின் பூப்போட்ட சட்டையில் மெடலைக் குத்தினாள். ஊசி சதையில் பட்டது. அவர் முகம் சுளித்ததை, உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டு எல்லோரும் கைதட்டினார்கள்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க, துன் நாசியோ" என்று மேயர் மைக்கை நீட்டினார். "அந்த நேரத்துல உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

நாசியோ கூட்டத்தைப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று மேடை ஏறும்போதே முடிவு செய்திருந்தார்.

"எனக்குத் தெரியல" என்றார். "நான் தூங்கிட்டிருந்தேன்னு நினைக்கிறேன்."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. மேயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். இதுதான்யா நாசியோ, எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். "இல்ல, நிஜமாவே" என்றார் நாசியோ. இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஜீகோ இக்நாசியோ மட்டும் சிரிக்கவில்லை. அவர் இரண்டு விரலால் தொப்பியைத் தொட்டார். நாசியோ மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினார். அவருக்கு முன்னால் ஒருவர் மாற்றி ஒருவர் தட்டுத் தட்டாகச் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள்.

சாயங்காலம் வீட்டில், ஈரத் துணியால் லோலே அவர் நெஞ்சில் ஊசி குத்திய இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வெண்டெல்.

"இன்னிக்குத்தானே உங்க விழா? இப்பவே வாழ்த்திடலாம்னு பார்த்தேன்."

"முடிஞ்சு போச்சு" என்றார் நாசியோ. "காலையிலயே நடந்தது."

"விழா ஞாயிறுன்னுதானே சொன்ன?"

"இங்க ஞாயிறு சாயங்காலம்."

"எப்படி? இப்பதானே இங்க விடியுது." வெண்டெல் சற்று யோசித்தான். "அது எனக்கு ஒருநாளும் புரியப்போறதில்ல. சரி, என்ன பேசின?"

"தூங்கிட்டிருந்தேன்னு சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"சிரிச்சாங்க."

"நானும் எங்க கூட்டத்துல ஒருதடவை சொன்னேன். பீர் வாங்கிக் குடுத்தாங்க." வெண்டெல் காபி உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அங்க தக்காளி வருமா, குவாம்? எனக்கு இந்த வருஷம் பனி விழுந்து எல்லாம் கருகிப்போச்சு."

வரும், ஆனால் காயில் பூச்சி விழும் என்றார் நாசியோ. எந்தப் பூச்சி என்று வெண்டெல் கேட்டான். அதன் பெயர் நாசியோவுக்குத் தெரியவில்லை. பச்சையாக, விரல் நீளத்தில் இருக்கும் என்று சொல்லத் தொடங்கினார்.